நோயாளி குடம் தூக்கக் கூடாது

எல்கடுவ தேயிலைத் தோட்ட லயத்தில் ஆய்வுக்காக எல்லோரிடமும் இரத்தம் எடுத்திருந்தார்கள். இரத்த அணுக்களில் மரபணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால், இதயக் குழாயில் அடைப்பு இருக்குமா என்று கணிக்கலாமாம்.

முடிவு கேட்டுவிட்டு வந்த அனுஷியா, மாமியாரிடம் சொன்னாள்.

"நம்ம வீட்டுல ஒருத்தருக்கு அடைப்பு இருக்கும் போல, அத்தை. கண்டி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்க."

"பிரதீஷ் அப்பாவும் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுத்தானே போனாரு," என்றாள் அழகம்மா. "இனிமே என் மகன் ஒரு குடம் தண்ணி தூக்கக் கூடாது."

"இதுவரைக்கும் தூக்கினாரா?"

"வாயாடாத. நோயாளிக்கு ஓய்வு வேணும். மொதல் சோறும் நோயாளிக்குத்தான். மத்தவங்க எல்லா வேலையையும் பார்க்கணும்."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாரியம்மா மேல சத்தியம்."

பாயில் படுத்திருந்த கணவன் பிரதீஷ் சோகமாகத் தலையாட்டினான்.

அனுஷியா கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"அவருக்கு ஒண்ணுமில்ல, அத்தை. அடைப்பு எனக்கு. கொழுந்துக் கூடையோட மலை ஏறுறப்ப மூச்சு முட்டுதுன்னேன். நடிப்புன்னீங்க."

பிரதீஷ் பாயில் எழுந்து உட்கார்ந்தான்.

"என்னங்க," அனுஷியா பாயைப் பார்த்தாள். "குழாயில தண்ணி நிக்கிறதுக்குள்ள குடத்தை எடுத்துக்கிட்டுப் போங்க. வந்து சோத்தைப் போடுங்க. மொதல்ல எனக்கு."