கரித்துணி

கிழித்த அன்றே அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தபடி சுகந்தி சோற்றுப் பானையை இறக்கினாள். கையிலிருந்த கரித்துணி, கணவரின் கறுப்பு டீ-ஷர்ட்டின் முன்பக்கம். அதில் கிடார் ஏந்திய ஒரு மண்டையோடு. அவர் கேட்ட அந்த மெட்டல் இசையின் இரைச்சலைச் சகிக்க முடியாமல்தான் ஆறு வருடங்களுக்கு முன் கிழித்தாள். அவர் பார்த்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் இறந்து நான்கு மாதமாகிறது. அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை.

விடுதியிலிருந்து வந்திருந்த மகள் தாரிணி அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அய்யோ, அப்பாவோட மியூசிக் பேண்ட் டீ-ஷர்ட்! இதப் போயி கரித்துணியாக்கி வெச்சிருக்கியே, நீயெல்லாம் மனுஷியா?” சிரித்தவளின் குரல் இறங்கியது. “எனக்குக் குடும்மா. ஜாக்கெட் முதுகுல தச்சுக்கறேன். அப்பா கேட்டதத்தானே நானும் கேக்கறேன்.”

சுகந்தி பானையைச் சரித்தாள். மண்டையோட்டின் நைந்துபோன கண்குழி வழியே சூடு விரலில் ஏறியது. நாள் முழுவதிலும் அவளுக்கு உறைப்பது அது ஒன்றுதான்.

தாரிணி கையை நீட்டினாள்.

“இன்னும் வடியல” என்றாள் சுகந்தி. கஞ்சி வடிந்து முடிந்த பிறகும் அவள் துணியை விடவில்லை.