மூன்றாம் கணக்குக்கு ஒரு டிக்

வியன்னாவில் நவம்பர் மாதம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வகுப்பறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சீறுகிறது, ஈரக் கோட்டுகளிலிருந்து கம்பளி வாடை எழுகிறது. ஆசிரியர் கொர்பினியனின் விரல் பெயர்த் தாளில் மெதுவாக இறங்குகிறது. வீட்டில் போட்டு முடித்த கணக்குகளுக்கு நேரே அவரவரே டிக் போட்டுக் கொடுத்த தாள் அது. டிக் போட்டவர், அவர் கூப்பிட்டால், பலகைக்கு வந்து செய்து காட்ட வேண்டும். பொய் டிக் என்று தெரிந்தால் இந்தப் பயிற்சி வகுப்பிலேயே தோல்விதான். வசந்தத்தில் தொடங்கும் குவாண்டம் வகுப்பின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. “பேயறைஞ்ச மாதிரி முழிக்காதடி. இத்தன பேர்ல உன்னையா கூப்பிடப் போறாரு?” என்று ஹெம்மாவின் காதருகே பக்கத்து இருக்கை செவரின் சிரிக்கிறான். மூன்றாவது கணக்கை அவள் காலையில் டிராமில் அவன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினாள். விரல் நிற்கிறது. “ஹெம்மா, மூணாவது.” துடைத்த பலகை இன்னும் ஈரமாக இருக்கிறது, சாக்பீஸ் வழுக்குகிறது. முதல் இரண்டு வரிகள் கையிலிருந்து தாமாகவே வந்துவிடுகின்றன. மூன்றாவது வரி முடிந்ததும், “இது எங்கேருந்து வந்துச்சு?” என்கிறார் கொர்பினியன். குரலில் கோபமே இல்லை. “அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லு.” கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். அவள் எழுதிய எண்களையே பார்க்கிறாள். ஒன்றுகூட அவளுக்குத் தெரிந்த முகமாக இல்லை. உள்ளங்கையில் சாக்பீஸ் குழைகிறது. திரும்பிச் செவரினைத் தேடுகிறாள். அவன் பெஞ்சுக்கடியில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறான். வெகுநேரமாகக் கட்டுகிறான். அவன் போட்டிருக்கும் பூட்ஸுக்கு லேஸே கிடையாது.