மேற்கு முனை

அந்த உப்பளத்துப் பூநாரைகள் உயர வரிசையில்தான் நிற்கும். மேற்கு முனையில் குட்டை, கிழக்கு முனையில் நெட்டை. பனி இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவரைத் தாண்டி எதுவும் தெரியாது; இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் யாரையாவது தேட வேண்டுமென்றால் நடுவில் இறங்கி, அங்கே நிற்பவரின் உயரத்தைப் பார்த்து, ஒரு பாதியை விட்டுவிட்டு மறு பாதிக்குப் போவார்கள். அப்படியே பாதி பாதியாகக் குறைத்தால் ஆள் கிடைத்துவிடும்.

மூன்று மாதத்துக்கு முன் புயல் மேற்கே அடித்துக்கொண்டுபோன செவலையன், ஒரு பனிக் காலையில் திரும்பி வந்து நடுவில் இறங்கினான். அவன் மனைவி நெடியாள் கூட்டத்திலேயே உயரமானவள். வழியெல்லாம் அவள் கழுத்தின் வளைவையே நினைத்துக்கொண்டு பறந்திருந்தான்.

கிழக்குப் பாதிக்குப் போனான். அதில் பாதி, அதிலும் பாதி. கடைசியில் அவள் நிற்கும் இடத்தில் தண்ணீர் மட்டும் அலம்பிக்கொண்டிருந்தது.

தளர்ந்துபோய் நடுவுக்கு வந்தான்.

"மேற்குப் பக்கமும் ஒரு நடை பாத்துடேன்ப்பா," என்றார் அங்கே நின்ற மாசாணம்.

"குஞ்சுங்க பக்கத்துல அவளுக்கு என்ன வேலை அண்ணே?" செவலையன் சிறகை விரித்தான். "இருந்தா அவ இடத்துலதான் இருப்பா."

வேறு ஏரிகளில் தேடலாமென்று கிழக்கே பறந்து போனான்.

மேற்கு முனையில், குஞ்சுகளுக்கு நடுவே ஒரு நெட்டைக் கழுத்து மேற்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. புயல் ஓய்ந்த நாளிலிருந்து நெடியாள் அங்கேதான் நிற்கிறாள்.

"கொஞ்சம் முந்தி மேற்கேருந்து யாரோ நம்ம தலைக்கு மேல பறந்து போனாங்க அத்தை," என்றது ஒரு குஞ்சு.

"அவரா இருந்தா இங்கதானே இறங்கியிருப்பாரு," என்றாள் அவள், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.