குட்டி சோபா

"அந்த வீடியோவை உடனே எடுத்துடுங்கண்ணே!" போனில் வாடிக்கையாளரின் குரல் நடுங்கியது.

சோபா ரிப்பேர் கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. கடைக்காக அவர் போட்ட எந்த வீடியோவும் இதுவரை இப்படி ஓடியதில்லை.

"ஏம்மா, தையல்ல குறையா? உங்க பொண்ணோட குட்டி சோபாவை நாப்பதாயிரம் பேர் பார்த்துட்டாங்க!"

"புதுத் துணி போட்டதை மட்டும் காட்டியிருக்கலாமே. பழசை எதுக்குக் காட்டினீங்க?"

"ரெண்டையும் காட்டினாத்தானேம்மா நம்ம வேலை தெரியும்? கைப்பிடியில அவ்வளவு பெரிய கிழிசல் இருந்த இடமே தெரியலைன்னு பாராட்டுறாங்க."

"அது கத்தியால கிழிச்சதுண்ணே. கிழிச்ச ஆளுக்குப் பயந்துதான் பொண்ணையும் அந்த சோபாவையும் தூக்கிக்கிட்டு இந்த ஊருக்கு ஓடி வந்தேன்."

அவர் உடனே வீடியோவை அழித்தார். "எடுத்துட்டேம்மா. பயப்படாதீங்க."

அப்போது அவர் மனைவி சிரித்தபடி உள்ளே வந்தாள்.

"என்னங்க, வீடியோ பார்த்து அரை மணி முன்னாடி ஒருத்தர் கடைக்கே வந்துட்டாரு. அந்தக் குட்டி சோபாவை நேர்ல பார்த்துட்டு ஆர்டர் தர்றேன்னாரு. அவங்க வீட்டு விலாசத்தைக் கொடுத்து அனுப்பிட்டேன்."

காதில் இருந்த போனுக்குள் அழைப்பு மணி ஒலித்தது. கூடவே ஒரு குழந்தையின் குரல்:

"அம்மா, நான் போய்க் கதவைத் திறக்கிறேன்!"