முதல் ஆளை விட்டுவிட்டு

ஆறு வரிகள் வந்தன.

அவள் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினாள். மறுபடியும் ஆறு.

மேசையில் இருந்த பெட்டியோ தன் சின்னத் திரையில் ஏழு என்றது. பால் குளிரூட்டும் நிலையங்களில் வைக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி அது. உள்ளே ஏழு வேலைகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஆபீஸில் அவற்றை ஆள் என்றுதான் சொல்வார்கள்.

ஏழு ஆள். அவளுடைய ஸ்கிரிப்டுக்கு மட்டும் ஆறு.

ஸ்கிரிப்டின் கையேட்டில் போட ஒரு மாதிரி வேண்டும் என்றுதான் உட்கார்ந்தாள். பத்து நிமிட வேலை. நாலு மணிக்குக் கூட வேலை செய்யும் சகாயராஜுக்கு வழியனுப்பு விழா, அதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

பெட்டி எங்காவது உறைந்துபோனால், அதன் நினைவகத்தை அப்படியே நகல் எடுத்து இங்கே அனுப்புவார்கள். பிழை தேடும் டீபக்கரில் திறந்தால் வெறும் எண்கள். அதற்குள், பெட்டியை இயக்கும் கெர்னல் கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தது என்று தேடினால் கண் பூத்துப் போகும். அதனால்தான் அந்த ஸ்கிரிப்டை எழுதினாள். ஒரு கட்டளை அடித்தால் போதும். எந்த ஆள் ஓடினான், எவன் எதற்குக் காத்திருந்தான், ஒரு நேரத்தில் ஒருவனே வைத்திருக்கக்கூடிய பூட்டு யார் கையில் இருந்தது, எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

ஆபீஸே அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நிலையத்தில் பெட்டி உறைந்து, ஒரு தொட்டிப் பால் திரிந்துபோனது. ஸ்கிரிப்ட் ஆறு ஆளைக் காட்டியது. ஆறு பேரும் ஒரே பூட்டுக்காகக் காத்திருந்தார்கள். பூட்டு யார் கையிலும் இல்லை. அப்படியானால் எடுத்தவன் திருப்பிக் கொடுக்காமல் விட்டிருக்க வேண்டும். அந்தப் பூட்டை எடுக்கும் நிரலைக் கடைசியாக எழுதியவன் சகாயராஜ்.

அதை விசாரித்த கூட்டத்தில் அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"ஏழு பேருல்லா இருக்கணும். ஒராளக் காணலியே எக்கா?"

ஒருவன் முன்பே முடிந்து போயிருப்பான் என்றாள் அவள். ஸ்கிரிப்டுக்கு எண்ணத் தெரியாமலா இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வேலையை விடுவதாக அவனே எழுதிக் கொடுத்தான். எழுதிக் கொடுக்க வைத்தார்கள் என்பதுதான் சரி.

ஸ்கிரிப்டைத் திறந்தாள்.

கெர்னல் வைத்திருக்கும் ஆள் பட்டியலில் ஒவ்வொரு ஆளும் அடுத்த ஆளைக் கைகாட்டுவான். இப்படிப்பட்ட பட்டியல்களுக்குக் கெர்னலில் ஒரு தலை உண்டு. பெரும்பாலும் அது வெறும் தலை, உள்ளே சரக்கு இருக்காது. அதைத் தாண்டித்தான் எண்ணத் தொடங்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக அவள் கை தானாகவே தாண்டும்.

இந்த ஒரு பட்டியலில் மட்டும் தலையும் ஓர் ஆள்.

பெட்டி விழித்ததும் முதலில் எழுகிறவன். நேரம் பார்க்கிறவன். அவனை எழுதியவர் கனடா போய்ப் பல வருடம் ஆகிறது.

தாண்டுகிற வரியை எடுத்தாள். பால் திரிந்த நாளின் நகலைத் திறந்து ஓட்டினாள்.

ஏழு வரிகள்.

பூட்டு முதல் ஆளின் கையில் இருந்தது. தவறு சகாயராஜுடையது அல்ல.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அன்று சிரித்த சிரிப்பு இப்போது காதில் கேட்டது.

திருத்தம் ஒரே வரி. இனி யார் ஓட்டினாலும் ஏழு வரும். பழைய நகலை யாரும் திறக்கப் போவதில்லை. நேரம் பார்க்கிறவனின் தவறை அடுத்த வாரம் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். சகாயராஜ் சாயங்காலம் ரயில் ஏறிவிடுவான்.

எந்தத் திருத்தத்துக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். அனுப்பினால் குழுவில் எல்லாருக்கும் போகும்.

'சிறு திருத்தம்' என்று அடித்தாள்.

அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. சகாயராஜ் கதவருகே வந்து எட்டிப் பார்த்தான்.

"எக்கா, நீங்க வந்தாத்தான் கேக்கு வெட்டுவேன்."

மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட அவன் அவளிடம் முகம் கொடுக்காமல் இருந்ததில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

வருகிறேன் என்று தலையாட்டினாள்.

குறிப்பின் கீழே இரண்டு இடங்கள் உண்டு. தவறு யாருடையது. முதலில் சொன்னவர் யார். அங்கே பாதிப் பேர் அவற்றை நிரப்புவதே இல்லை.

'சிறு திருத்தம்' என்பதை அழித்தாள். நடந்ததை நாலு வரியில் எழுதினாள். பூட்டு யார் கையில் இருந்தது என்பதையும் எழுதினாள். தவறு என்ற இடத்தில் தன் பெயர். முதலில் சொன்னவர் என்ற இடத்தில் சகாயராஜின் பெயர், பக்கத்தில் அந்தக் கூட்டத்தின் தேதி.

அனுப்பிவிட்டு எழுந்தாள்.

எல்லாரும் கேக்கைச் சுற்றி நின்றிருந்தார்கள். மேலாளர் நாலு நல்ல வார்த்தை சொல்லத் தொண்டையைச் செருமினார். சகாயராஜ் அவளைக் கண்டதும் சிரித்தான். கத்தியைக் கேக்கின் மேல் வைத்தான்.

மேலாளரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பிறகு பக்கத்தில் நின்றவருடையது. பிறகு ஒவ்வொருவருடையதாக.

கடைசியாகச் சகாயராஜுடையது.

அவன் ஒரு கையால் போனை எடுத்துப் பார்த்தான். மறு கையில் கத்தி அப்படியே இருந்தது.

"சகாயம்," என்றார் மேலாளர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் இரு. வெட்டாத."