தட்டிய கதவு

கோடைக்குச் சுற்றுலா ஆட்கள் வரத் தொடங்கிய பிறகுதான், மீன் அற்றுப்போன அந்தக் கடலோர ஊரில் பூட்டிக் கிடந்த கடைகள் திறந்தன. பிழைப்பு தேடி வெளியூர் போயிருந்த கொத்தனார் கஸ்பாரும் மனைவி செலஸ்தீனாளிடம் திரும்பி வந்தான். அவள் தங்கள் வீட்டைச் சுற்றுலா வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, கரையில் ஏற்றி வைத்த படகில் அவனோடு படுத்துக்கொண்டாள். விடிந்ததும் கதவைத் தட்டிக் காப்பி கொடுப்பாள். “வீட்டுக்காரங்க எங்க?” என்று யாராவது கேட்டால், “வெளியூர்ல” என்பாள்.

சீசனின் கடைசிக் காரும் போனதும் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். அவள் கதவைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

“உள்ள யாரு இருக்கா?” என்றான் கஸ்பார்.

தட்டின கையை அவள் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “அடுத்த கோடைக்குள்ள மாடியில ஒரு ரூம் கட்டிரணும்.”

“வர்றவங்களுக்கா?”

“அவங்களுக்குக் கீழ்வீடு இருக்கு. மேல நமக்கு. அதுக்குக் கதவு மட்டும் வச்சிராதீங்க.”