புருவத்துக்கு லைன் கிடையாது

இரண்டு புருவங்களுக்கும் மேலே நீளமாக ஒரு பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டுதான் மாரிவிக் அந்தக் கடைசித் தேர்வுக்கு உட்கார்ந்தாள்.

காயம் ஒன்றும் இல்லை. ஒரு பழக்கதோஷத்துக்கு வைத்தியம்.

மணிலாவில் ஆமாம் என்று சொல்ல யாரும் வாயைத் திறந்து சிரமப்படுவதில்லை. புருவத்தை ஒரு தூக்கு தூக்கினால் ஆமாம். சாப்பிட்டாயா, புருவம். என்னைக் கட்டிக்கொள்கிறாயா, அதற்கும் புருவம்தான்.

அவள் வேலைக்குப் பயிற்சி எடுக்கும் கால் சென்டரில் இது செல்லுபடியாகாது; கூப்பிடுகிறவர்கள் எல்லாம் லண்டன்காரர்கள். முந்தைய தேர்வுகளில் போனில் கேள்வி வந்தபோதெல்லாம் மாரிவிக் புருவத்தைத் தூக்கிவிட்டுக் கம்மென்று இருந்தாள். லைன் செத்துவிட்டது என்று நினைத்து எதிர்முனை போனை வைத்துவிட்டது. ஃபெயில்.

"புருவத்துக்கு லைன் கிடையாதுடி!" என்று தலையில் அடித்துக்கொண்டார் பயிற்சி கொடுக்கும் டெலியா மேடம்.

பிளாஸ்டர், பக்கத்து சீட் அர்னலின் யோசனை. "தூக்கினா சுரீர்னு இழுக்கும். உடனே வாயைத் திறந்துடு."

இதிலும் தோற்றால் அக்காவின் தள்ளுவண்டிக்கே திரும்ப வேண்டியதுதான். கோழிக் குடலைக் குச்சியில் கோத்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு விசிற வேண்டும். கோழிக் குடல் அவளுக்கு உயிர், தின்பதற்கு மட்டும்.

தேர்வு வைப்பவர் மிஸ்டர் டெரன்ஸ். லண்டன்காரர். அவரை யாரும் பார்த்ததில்லை, குரல்தான். வாடிக்கையாளர் மாதிரி கூப்பிட்டு, அகராதியில் கிடைக்காத லண்டன் தெருப் பேச்சாகப் பொறுக்கி எறிவார்.

அதற்காக மாரிவிக் குளிக்கும்போதுகூட மனப்பாடம் செய்தாள். 'நேக்கர்டு' என்றால் களைத்துவிட்டேன். 'நாக்டு அப்' என்றால் வயிற்றில் பிள்ளை. போன பேட்சில் ஒருவன் இரண்டையும் குழப்பிக்கொண்டு, களைத்துப்போன ஒரு லண்டன் தாத்தாவுக்கு வாழ்த்துச் சொல்லி வேலையைக் கோட்டைவிட்டான்.

போன் மணி அடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெலியா மேடம் வந்து நின்றார். அவருக்குப் பேச்சு கேட்காது, மதிப்பெண் மட்டும் திரையில் விழும்.

"நீங்க வித்த கெட்டில் சுத்த பேண்ட்ஸ்மா!" என்று பாய்ந்தார் டெரன்ஸ்.

பேண்ட்ஸ் என்றால் அந்த ஊரில் ஜட்டி. ஒரு சாமானைப் பார்த்துச் சொன்னால் குப்பை. மாரிவிக் அசரவில்லை. அந்தக் குப்பைக்காக மன்னிப்புக் கேட்டாள். டீ இல்லாமல் நேக்கர்டு ஆகிக் கிடப்பதாக அவர் புலம்பினார். சரியாகப் பரிதாபப்பட்டாள், வாழ்த்தவில்லை. நடுநடுவே நெற்றி சுரீரென்று இழுத்தது. வாயைத் திறந்தாள்.

"நாளைக்கே புது கெட்டில் வந்துடும் சார். பாப்ஸ் யுவர் அங்கிள்!"

பாப் யாருக்கும் மாமா இல்லை. 'அவ்வளவுதான், வேலை முடிஞ்சுது' என்பதை லண்டனில் இப்படிச் சொல்கிறார்கள். டெரன்ஸ் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததாக அந்த ஆபீஸில் சரித்திரமே கிடையாது.

ஒன்றுதான் பாக்கி. வாடிக்கையாளர் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் இத்தனையும் வீண்.

"அப்போ அனுப்பிடட்டுமா சார்?"

பதில் இல்லை.

"சார்? அனுப்பட்டுமா?"

மூச்சு மட்டும் கேட்டது. கண்ணாடிக்குப் பின்னால் டெலியா மேடம் கையைப் பிசைந்தார். மாரிவிக்கின் மூக்குக்கு இப்போதே கோழிக் குடல் புகை எட்டியது.

இந்த மௌனத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. எங்கே? முந்தைய தேர்வுகளில் அவளே உண்டாக்கிய மௌனம் அல்லவா இது!

இங்கிலீஷை விட்டுவிட்டு, ஊர்ப் பாஷையில் ரகசியமாகக் கேட்டாள்.

"அண்ணே... புருவத்தத் தூக்கிட்டு உக்காந்திருக்கீங்களா?"

திரும்பவும் அதே மௌனம்.

பிறகு ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "ஐயோ" என்றது குரல். லண்டன் எங்கேயோ ஓடிப்போயிருந்தது. "மெதுவாப் பேசு தங்கச்சி. மேல் மாடியிலதான் இருக்கேன். வெள்ளக்காரன்னு சொல்லித்தான் என்னை வச்சிருக்காங்க. பிள்ளகுட்டிக்காரன்மா."

"அது இருக்கட்டும்ணே. கெட்டிலுக்கு வாயத் திறந்து சரின்னு சொல்லுங்க, இல்லேன்னா எனக்கு வேலை போயிடும்!"

"சரி, சரி! அனுப்பு!" லண்டன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தது.

திரையில் மதிப்பெண் விழுந்தது. டெலியா மேடம் குதித்த குதியில் கண்ணாடி அதிர்ந்தது. மாரிவிக்கின் கண் கலங்கிவிட்டது.

"தங்கச்சி," என்று காதுக்குள் மெல்லிய குரல் கெஞ்சியது. "இது நமக்குள்ளயே இருக்கும்ல?"

மாரிவிக் புருவத்தைத் தூக்கினாள். பிளாஸ்டர் பிய்த்துக்கொண்டு கீபோர்டில் விழுந்தது.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ரொம்ப நன்றிமா" என்று சொல்லி, மிஸ்டர் டெரன்ஸ் நிம்மதியாகப் போனை வைத்தார்.